சோட்வானா பேக்கு டைவிங் போறேன், கையில டிஜி-6 கேமரா இருக்கு. லென்ஸ் வாங்கவா, ஸ்ட்ரோப் வாங்கவா?

உம்ஹ்லாங்கா_வாசி:

வணக்கம் மக்களே. சொந்த ஊர் திருச்சி, இப்ப வேலைக்காக தென்னாப்பிரிக்கா டர்பன்ல, உம்ஹ்லாங்கா பக்கம் குடும்பத்தோட இருக்கேன். இங்க வந்தப்புறம் தான் டைவிங் கத்துக்கிட்டேன், ஓப்பன் வாட்டர்ங்குற முதல் லெவல் தான், பெரிய ஆள் எல்லாம் இல்ல. ஒலிம்பஸ் டிஜி-6 கேமராவும் 45 மீட்டர் ஆழம் வரைக்கும் தண்ணி புகாம காக்குற ஹவுசிங்கும் செகண்ட் ஹேண்ட்ல நல்ல விலைக்கு வந்துச்சு, வாங்கிப் போட்டுட்டேன். சுறா, ஆமை, டால்பின் எல்லாம் எல்லாரும் எடுக்குறாங்க, எனக்கு என்னவோ சின்ன ஐட்டங்க மேல தான் கண்ணு போகுது. ஓடு இல்லாம கலர் கலரா ஊருமே அந்த நூடிபிராங்க் நத்தை, அனிமோன்ல உக்காந்து வலை வீசிட்டு இருக்குற சின்ன நண்டு, உடம்புக்குள்ள இருக்குறதெல்லாம் வெளிய தெரியுற இறால், இந்த மாதிரி.

பிரச்சனை என்னன்னா எடுக்குற படம் ஒண்ணு நீலமும் பச்சையுமா செத்துப் போய் இருக்கு, இல்லன்னா நத்தையோட வாலு ஷார்ப்பா இருக்கு தலை மசங்கிடுது. சரி கேமராவோட ஃப்ளாஷையாவது போடுவோம்னு போட்டா படத்துல பாதி இருட்டு, மீதி பாதியில வெள்ளை வெள்ளையா தூசி பறக்குது. டைவ் கடையில கேட்டா மாக்ரோவுக்கு, அதாவது சின்னதைக் கிட்ட போய் பெருசா எடுக்குறதுக்கு, வெட் லென்ஸ் வாங்குங்க, ஹவுசிங் முன்னாடி தண்ணிக்குள்ளயே மாட்டிக் கழட்டலாம், எல்லாம் சரியாகிடும்னு சொல்றாங்க. யூடியூப்ல ஒருத்தர் ஸ்ட்ரோப் (வெளிய தனியா மாட்டுற ஃப்ளாஷ்) இல்லாம மாக்ரோவே கிடையாதுங்குறார். வீட்டுக்காரம்மா ரெண்டுல ஒண்ணுக்கு தான் பெர்மிஷன் குடுத்துருக்காங்க, அதுவும் ரொம்ப யோசிச்சு. எதை வாங்க?

இன்னும் ரெண்டு கேள்வி. சோட்வானால குட்டியூண்டு கடல் குதிரை இருக்குன்னு சொல்றாங்களே, என்னை மாதிரி ஆளு அதைப் பாக்க முடியுமா? அப்புறம், நாலஞ்சு மணி நேரம் வண்டி ஓட்டி அங்க போறதுக்கு முன்னாடி டர்பன் பக்கத்துலயே பழகிப் பாக்க ஏதாவது இடம் இருக்கா?

தூத்துக்குடி_முக்குளி:

தம்பி, லென்ஸ் வேண்டாம். ஸ்ட்ரோப் வாங்குங்க. கடைக்காரர் சொன்னது வேற கேமராவுக்கு சரியா இருக்கலாம், டிஜி-6க்கு இல்ல.

ஏன்னு சொல்றேன். வெட் லென்ஸ் என்ன செய்யும்? கேமராவால கிட்ட போய் ஃபோகஸ் பண்ண முடியலன்னா பண்ண வைக்கும், சின்னதைப் பெருசா காட்டும். உங்க டிஜி-6ல மைக்ராஸ்கோப் மோடு இருக்கு, லென்ஸ் முனையில இருந்து 1 சென்டிமீட்டர் தூரத்துல இருக்குறதைக் கூட ஃபோகஸ் பண்ணும், அதுல முழு ஜூமும் போடலாம். ஒரு அரிசி நீளத்துக்கு இருக்குற உயிரே ஃப்ரேம்ல பாதிக்கு மேல வந்து நிக்கும். அதாவது பெருசாக்குற வேலைக்கு உங்ககிட்ட ஏற்கனவே ஆள் இருக்கு, இல்லாதது வெளிச்சம் தான். நீங்க சொன்ன மூணு குறையையும் எடுத்துப் பாருங்க, நீலம், பாதி இருட்டு, தூசி, மூணுமே வெளிச்சக் குறை. ஃபோகஸ் தப்புறது ஒண்ணு தான் வேற, அதுக்கு அப்புறம் வர்றேன்.

தண்ணி முதல்ல சிவப்பைத் தான் குடிக்கும். அஞ்சு மீட்டர் தாண்டுனாலே சிவப்பு பெரும்பாலும் போயிரும், அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள்னு ஒவ்வொண்ணா. கீழ இருக்குற நத்தை செக்கச்செவேல்னு தான் இருக்கும், அது மேல விழுறதுக்கு சிவப்பு வெளிச்சம் இல்ல, அவ்வளவு தான். மாக்ரோவுல ஒரு நல்லது, உங்களுக்கும் நத்தைக்கும் நடுவுல ஒரு சாண் தண்ணி கூட இல்ல, அதனால கையோட கொண்டு போற சின்ன ஸ்ட்ரோப் வெளிச்சமே முழுக் கலரையும் திருப்பிக் குடுத்துரும். சுறா எடுக்குறவனுக்கு ரெண்டு பெரிய ஸ்ட்ரோப் வேணும். நமக்கு ஒண்ணு போதும், அதுவும் சின்னது.

கேமரா ஃப்ளாஷ் ஏன் ஆகாதுன்னா, அது லென்ஸை ஒட்டி இருக்கு. ஹவுசிங்கோட முன் குழாய் வெளிச்சத்தை மறைச்சு நிழல் போடும், அது தான் உங்க பாதி இருட்டு. மிச்ச வெளிச்சம் லென்ஸுக்கு நேர் முன்னாடி மிதக்குற மணல் பொடியில பட்டு உங்களுக்கே திரும்பி வரும், அது தான் வெள்ளைத் தூசி. ஸ்ட்ரோப்பை ஆர்ம்னு சொல்ற கை மாதிரி கம்பி வச்சு தள்ளி மாட்டி, ஃபைபர் கேபிள் போட்டு விட்டா கேமரா ஃப்ளாஷ் மின்னும்போது அதுவும் மின்னும். பொருளைப் பாத்து நேரா திருப்பாதீங்க. கொஞ்சம் வெளிப்பக்கமா திருப்பி, வெளிச்சத்தோட ஓரம் மட்டும் நத்தை மேல படுற மாதிரி வைங்க, நடுவுல இருக்குற பொடியில வெளிச்சம் விழாது, படம் சுத்தமா வரும்.

ஸ்ட்ரோப் போட்டதும் எல்லாரும் மறக்குற ஒண்ணு ஒயிட் பேலன்ஸ், அதாவது படத்தோட கலரைச் சரி பண்ற செட்டிங். டிஜி-6ல தண்ணிக்குள்ள எடுக்கன்னு ஆழத்துக்கு ஏத்த மாதிரி தனி ஒயிட் பேலன்ஸ் இருக்குல்ல, அது ஸ்ட்ரோப் இல்லாதவங்களுக்கு, இல்லாத சிவப்பை அதுவா ஏத்திக் காட்டும். ஸ்ட்ரோப்போட அதைப் போட்டா நத்தை, பாறை, உங்க கூட டைவ் பண்றவரோட கை எல்லாம் குங்குமத்துல முக்குன கலர்ல வரும். ஆட்டோல விட்டுருங்க, கேமரா திருத்தாத ரா (RAW) ஃபைலும் சேத்து எடுங்க, மிச்சத்தை வீட்டுல பாத்துக்கலாம்.

இப்ப ஃபோகஸ். 1 சென்டிமீட்டர் வரைக்கும் போகலாம்னு சொன்னேன்ல, போகாதீங்க. அவ்வளவு ஒட்டிப் போனா எந்த ஸ்ட்ரோப்பும் உள்ள நுழைய இடம் இருக்காது, நத்தையும் சுருங்கிக்கும். அஞ்சாறு சென்டிமீட்டர் தள்ளி நின்னு ஜூம் போட்டு எடுங்க. நடுப் புள்ளி ஃபோகஸ் மட்டும் வைங்க, கேமராவை அதுவா தேட விட்டீங்கன்னா பின்னாடி இருக்குற பாறையைத் தான் பிடிக்கும். நூடிபிராங்க்னா தலையில ரெண்டு கொம்பு நீட்டிட்டு இருக்கும், அது தான் அதுக்கு மூக்கு, தண்ணில கலந்துருக்குற வாசனையை அதை வச்சு தான் பிடிக்கும். அந்தக் கொம்பு ஷார்ப்பா இருந்தா போதும், வாலு மசங்குனா ஒருத்தனும் கேக்க மாட்டான். இவ்வளவு கிட்டத்துல ஷார்ப்பா வர்ற ஆழமே சில மில்லிமீட்டர் தான், எல்லாத்தையும் கொண்டு வரணும்னு பாத்தா ஒண்ணும் வராது.

நத்தையை மேல இருந்து எடுக்காதீங்க. நம்ம ஆளுங்க எல்லாம் மிதந்துக்கிட்டே குனிஞ்சு எடுப்பாங்க, பாறையும் நத்தையும் ஒட்டிப் போய் எதுவும் தெரியாது. கேமராவை நத்தை மட்டத்துக்கு இறக்கி, பின்னாடி வெறும் தண்ணி வர்ற மாதிரி வச்சா பின்புலம் கருப்பா போயிரும். எனக்குத் தெரிஞ்சு நல்ல மாக்ரோ படத்துல பாதி இந்த ஒரு விஷயம் தான்.

ஜோபர்க்_பயணி:

முக்குளி அண்ணன் சொன்னதுல லென்ஸ் வேண்டாம்ங்குற வரைக்கும் ஓகே. ஆனா ஸ்ட்ரோப்ல எனக்கு உடன்பாடு இல்ல. புதுசா டைவ் பண்றவங்களுக்கு நல்ல வீடியோ லைட் தான் பெஸ்ட், விலையும் கம்மி.

நாங்க ஜோபர்க்ல இருந்து ராத்திரி கிளம்பி விடிய விடிய ஓட்டி சோட்வானா வர்ற கூட்டம், அந்தக் கடலை நல்லா தெரியும். அங்க ஹார்பர் எல்லாம் கிடையாது, மணல்ல இருந்தே ரப்பர் போட்டைத் தள்ளி ஏறி, கால்ல ஸ்ட்ராப்பை மாட்டிக்கிட்டு அலையை முட்டிக்கிட்டு வெளிய போகணும். கீழ இறங்குனாலும் அந்த அலை விடாது, டூ மைல்ங்குற ரீஃப்ல (பவளப்பாறை) அடியில முன்னயும் பின்னயும் இழுத்துட்டே இருக்கும். அந்த இழுப்புல ஸ்ட்ரோப் கையைச் சரி பண்ணி, பவரைச் சரி பண்ணி, ஒரு படம் எடுத்து ஸ்க்ரீன் பாத்து, மறுபடி திருப்பி, அதுக்குள்ள காத்து பாதி போயிரும். லைட்னா என்ன தெரியுதோ அது தான் படம். நிழல் எங்க விழுதுன்னு எடுக்குறதுக்கு முன்னாடியே தெரியும். அதை விட முக்கியம், வரிசையா பல படம் எடுக்குற பர்ஸ்ட் மோடுல தட்டிக்கிட்டே இருக்கலாம், அலை இழுத்துட்டுப் போற வழியில எப்படியும் ஒரு ஃப்ரேம்ல ஃபோகஸ் விழும். ஸ்ட்ரோப் ஒரு தடவை மின்னுனா சார்ஜ் ஏறுற வரைக்கும் நீங்க சும்மா பாத்துட்டு இருக்கணும்.

அப்புறம் பொண்டாட்டி பெர்மிஷன்ல வீடியோ லைட் நைட் டைவுக்கும் ஆகும், லோட்ஷெட்டிங்னு கரன்ட்டை நிறுத்துனா வீட்டுக்கும் ஆகும். இந்தப் பாயிண்டைச் சொல்லிப் பாருங்க, ரெண்டாவது ஐட்டத்துக்கும் ஓகே ஆகலாம் 😀

தூத்துக்குடி_முக்குளி:

பயணி, பர்ஸ்ட் பாயிண்ட் நல்ல பாயிண்ட் தான், ஒத்துக்குறேன். ஆனா நீங்க சொன்ன அதே அலை இழுப்பு தான் லைட்டுக்கு எதிரி. வீடியோ லைட் எவ்வளவு பெருசா இருந்தாலும் ஸ்ட்ரோப் பக்கத்துல வராது. வெளிச்சம் பத்தலன்னு கேமரா ஷட்டர் ஸ்பீடை இறக்கும், இல்ல ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரோட உணர்திறனை, ஏத்தும். ஷட்டர் இறங்குனா இழுப்புல படம் கோடு கோடா போகும், ஐஎஸ்ஓ ஏறுனா டிஜி-6ல இருக்குற சின்ன சென்சார்ல மண்ணு அள்ளிப் போட்ட மாதிரி நாய்ஸ் வரும். ஸ்ட்ரோப் மின்னுறது ஆயிரத்துல ஒரு பங்கு நொடி, அதை விடக் கம்மியாவும் இருக்கும், அலை என்ன ஆட்டு ஆட்டுனாலும் அந்த நேரத்துக்குள்ள எதுவும் நகராது. இருபது மசங்கல் படம் பர்ஸ்ட்ல எடுக்குறதுக்கு ஒரே ஒரு படம் பாத்து எடுக்கலாம்.

நேரம் பாத்து எடுக்குறது எப்படின்னா, அலை ஒரு பக்கம் இழுத்துட்டுப் போய் மறு பக்கம் திரும்பும்ல, திரும்புறதுக்கு முன்னாடி ஒரு நொடி எல்லாமே நிக்கும். பாசி ஆடுறதைப் பாத்துட்டே இருங்க, அது நிமிந்து நிக்கும்போது அமுக்குங்க. இழுப்போட சண்டை போட்டுக்கிட்டு எடுக்குறது ஊஞ்சல்ல உக்காந்து ஊசியில நூல் கோக்குற வேலை. அப்புறம் டிஜி-6ல ஃபோகஸ் ஸ்டாக்கிங்னு ஒண்ணு இருக்கும், பல படத்தைச் சேத்து ஒரே படமா ஷார்ப்பா ஆக்கித் தரும். அது கரையில பூச்சி எடுக்கத் தான். ரீஃப்ல அதைத் தொடவே தொடாதீங்க, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல நீங்களே ஒரு அடி தள்ளிப் போயிருப்பீங்க.

டார்ச் ஒண்ணு வேணும், இல்லங்கல. ஃபோகஸ் பிடிக்க. சிவப்பு வெளிச்சம் இருக்குற டார்ச்சா பாத்து வாங்குங்க, இறால் நண்டுக்கு எல்லாம் சிவப்பு அவ்வளவா தெரியாது, ஓடி ஒளியாது.

கெல்ப்காடு:

நான் கேப் டவுனில இருக்கிறன், யாழ்ப்பாணம். நீங்கள் எல்லாரும் சாமானைப் பற்றியே கதைக்கிறீங்கள், அதுவும் வேணும் தான், ஆனா தம்பி ஓப்பன் வாட்டர் முடிச்ச ஆள் எண்டு சொல்லியிருக்கிறார், அதை ஒருத்தரும் கவனிக்கேல்லப் போல.

மாக்ரோவுக்கு முதல் சாமான் உங்கட உடம்பு தான். ஒரு நத்தைக்கு முன்னால, ஒரு சாண் தூரத்தில, ஒண்டையும் பிடிக்காமல், துடுப்பால அடியைக் கிளறாமல், மூச்சை வச்சே மேல கீழ போய் நிக்கத் தெரியோணும். அது வராமல் ஸ்ட்ரோப் வாங்கினால் மணலைக் கிளப்பி அந்த மணலைத் தான் வடிவா வெளிச்சம் போட்டு எடுப்பீங்கள். கை ஊண்டுறதுக்கு இடம் தேடுற ஆக்கள் எப்பவும் உயிருள்ள பவளத்தில தான் ஊண்டுறவை, ஏனெண்டால் அவைக்கு வித்தியாசம் தெரியிறேல்ல. கொஞ்ச நாளைக்குக் கேமரா இல்லாமல் போய் ஒரு கல்லுக்கு முன்னால அசையாமல் நிண்டு பழகுங்கோ.

ஃப்ளாஷ் அடிச்சால் மீனுக்குக் கண் போயிடும் எண்டு படகில ஆராவது சொல்லுவினம், கட்டாயம் சொல்லுவினம். 2019இல மார்ட்டன் டி பிரவரும் கூட்டாளிகளும் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில ஒரு ஆராய்ச்சி போட்டவை, கடல் குதிரை மாதிரி அடியில இருக்கிற மீன்களை வச்சுத் தான் பாத்தவை. ஃப்ளாஷால கண்ணுக்குச் சேதம் வந்ததா அவை காணேல்ல. மீனைத் தொட்டு, குச்சியால தட்டி, படத்துக்கு ஏத்த மாதிரித் திருப்பி வைக்கிறது தான் அதுகளைச் சரியா வருத்துது. ஆனபடியால் கைடு குச்சியால ஒண்டைத் தட்டி உங்கட பக்கம் திருப்பி விட்டால், வேண்டாம் எண்டு கையால காட்டுங்கோ. வெக்கப்படாதேங்கோ, காசு குடுக்கிறது நீங்கள்.

கடல் குதிரை கதை வந்தபடியால் ஒண்டு. க்னைஸ்னா கடல் குதிரை எண்டு இஞ்ச ஒரு சாதி இருக்குது, க்னைஸ்னா, ஸ்வார்ட்வ்லேய், கியூர்பூம்ஸ் எண்ட மூண்டு கழிமுகத்தில மட்டும் தான் இருக்குது, உலகத்தில வேற எங்கயும் இல்லை. அழியிற நிலையில இருக்கிற சாதி, தொடவே கூடாது. எப்பவாவது அந்தக் கழிமுகங்கள் இருக்கிற கார்டன் ரூட் பக்கம் குடும்பத்தோட வந்தால் நினைவில வச்சிருங்கோ.

உங்களுக்கு அலை இழுப்பு இல்லாமல் நத்தை பாக்க ஆசை எண்டால் ஒருக்கா இஞ்ச வாங்கோ. ஃபால்ஸ் பே பக்கம், சைமன்ஸ் டவுனைத் தாண்டி, கெல்ப் எண்ட உயரமான கடல் பாசிக் காடு முழுக்க நூடிபிராங்க் தான். கேஸ் ஃப்ளேம் எண்டு ஒண்டு இருக்குது, உடம்பு முழுக்க விரல் விரலா நீட்டிக்கொண்டு நுனி மட்டும் வேற நிறத்தில, தென்னாப்பிரிக்காவை விட்டால் வேற எங்கயும் இல்லை. நல்ல பெரிசாவும் வளரும், மைக்ராஸ்கோப் மோடே தேவைப்படாது. தண்ணி தான் சரியான குளிர், டர்பனில போடுற வெட்சூட்டோட வந்தால் பத்து நிமிசத்தில பல்லு அடிக்கும். ஃபால்ஸ் பேக்கு மாரி காலம் திறம், கோடையில தென்கிழக்குக் காத்து கிளப்பி விட்டால் ஒண்டும் தெரியாது.

சட்ஸ்வர்த்_பேரன்:

அண்ணா வணக்கம். நான் டர்பன்லயே பொறந்தவன், எங்க குடும்பம் இங்க வந்து அஞ்சு தலைமுறை ஆச்சு. என் தமிழ் சனிக்கிழமை கிளாஸ் தமிழ், சிரிக்காம படிங்க.

பழக இடம் கேட்டீங்க, யாரும் பதில் சொல்லல, எல்லாரும் ஸ்ட்ரோப் சண்டை போடுறாங்க 😂 அண்ணா உங்களுக்கு டைவ் போட் தேவையே இல்ல. பாறைக்கு நடுவுல கடல் தண்ணி தேங்கி நிக்குற ராக் பூல் போங்க. டர்பன் ப்ளஃப் ஏரியால ட்ரெஷர் பீச் இருக்கு, உங்க வீட்டுப் பக்கமே உம்ஹ்லாங்கா ராக்ஸ்ல பாறை இருக்கு, வடக்கே போனா சால்ட் ராக், தெற்கே பார்க் ரைனி. கடல் வத்துன நேரத்துல முழங்கால் தண்ணியில உக்காந்து கேமராவை மட்டும் உள்ள விட்டு எடுக்கலாம். காத்து தீராது, அலை இழுப்பு கம்மி, சூரிய வெளிச்சம் மேலயே இருக்கு அதனால கலர் எல்லாம் அப்படியே வரும். மைக்ராஸ்கோப் மோடு, நடுப் புள்ளி ஃபோகஸ், கொம்பு ஷார்ப்பா வர்றது, முக்குளி அங்கிள் சொன்ன எல்லாத்தையும் காசு செலவில்லாம அங்க பழகலாம். டிஜி-6 ஹவுசிங் இல்லாமலே 15 மீட்டர் போகும், பூல்ல ஹவுசிங்கே வேண்டாம், கேமரா சின்னதா இருந்தா கல்லு இடுக்குல ஈஸியா போகும்.

எப்ப வத்தும்னு ஆப் பாக்கலாம், இல்லன்னா கோயில் காலண்டர் போதும். அமாவாசை பௌர்ணமி சுத்தி ரெண்டு மூணு நாள் கடல் நல்லா உள்ள போகும், நம்ம கரையில அந்த நாள்ல காலையில பத்து மணி சுத்தி தான் ரொம்ப வத்தி இருக்கும், ராத்திரி பத்து மணிக்கு மறுபடி. எங்க பாட்டி அமாவாசைக்கு விரதம் இருப்பாங்க, நான் பூட்ஸ் போட்டுட்டு ப்ளஃப் போயிடுவேன். எங்க கொள்ளுத்தாத்தா பக்கம் டர்பன் பே உள்ள வலை இழுத்தவங்க, கடல் வத்துறது ஏறுறது எல்லாம் அவங்களுக்கு நிலா பாத்தே தெரியுமாம். இப்ப நான் ஆப்பும் பாக்குறேன் காலண்டரும் பாக்குறேன்.

என்ன கிடைக்கும்னா, கடல் முயல்னு சொல்ற பெரிய நத்தை, சின்ன நூடிபிராங்க், பாறையில இருந்து பாறைக்குத் தாவுற குட்டி மீன், கடல் முள்ளெலி, நண்டு, கல்லுக்கு அடியில உடைஞ்ச நட்சத்திரம் மாதிரி கை நீட்டிட்டு இருக்குற பிரிட்டில் ஸ்டார். கல்லைத் திருப்பிப் பாத்தா திரும்ப அதே மாதிரி மெதுவா வச்சுடுங்க, அப்படியே விட்டா அடியில இருந்தது எல்லாம் வெயில்ல செத்துடும்.

ரெண்டு எச்சரிக்கை. பாறை மேல பட்டன் பட்டனா ரப்பர் கம்பளம் போட்ட மாதிரி இருக்கும், அது ஸோவாந்திட். சில வகையில பாலிடாக்ஸின்னு மோசமான விஷம் இருக்கு. கையில வெட்டுக் காயம் இருந்தா அது மேல ஊணாதீங்க, தொட்ட கையை வச்சு கண்ணைத் தேய்க்காதீங்க. ரெண்டாவது, கடலுக்கு முதுகு காட்டிட்டு குனிஞ்சு உக்காராதீங்க, ஸ்க்ரீன் பாத்துட்டு இருக்கும்போது தான் பெரிய அலை வரும். துணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க.

இன்னொண்ணு, கடல்ல இருந்து கரைக்கு காத்து நல்லா அடிச்ச மறுநாள் பீச்ல ஜெல்லிமீன் மாதிரி கொட்டுற புளூபாட்டில் ஒதுங்கும் பாத்துருப்பீங்க. அதோட சேந்து சில நாள் நீல டிராகன் வரும், கிளாக்கஸ் அட்லான்டிகஸ். அதுவும் ஒரு நூடிபிராங்க் தான், ஆனா ரீஃப்ல ஊராது, தண்ணி மேல தலைகீழா மிதக்கும், சைஸ் மூணு சென்டிமீட்டர் வந்தாலே பெருசு. புளூபாட்டிலையே தின்னு அதோட கொட்டுற செல்லைத் தன் உடம்புல சேத்து வச்சுக்கும், அதனால கையில எடுக்கவே எடுக்காதீங்க, செம கொட்டு கொட்டும். ஸ்பூன்ல எடுத்து கடல் தண்ணி ஊத்துன கண்ணாடிக் கிண்ணத்துல விட்டு, அடியில கருப்புத் துணி வச்சு மேல இருந்து எடுத்தா, அண்ணா, அந்த மாதிரி படம் சோட்வானா போனாலும் கிடைக்காது. எடுத்ததும் திரும்ப தண்ணில விட்டுடுங்க.

உம்ஹ்லாங்கா_வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு நினைக்கல. கெல்ப்காடு அண்ணன் சொன்னது தான் முதல்ல உறைச்சுது. மிதக்குறது எனக்கு இன்னும் சரியா வரல, துடுப்பு அடிச்சா பின்னாடி வர்றவங்க மணல் புகையில தான் வராங்க. அதனால முடிவு இது, லென்ஸ் கேன்சல். முதல்ல பேரன் தம்பி சொன்ன மாதிரி ராக் பூல். அதோட நீச்சல் குளத்துல செஷன் ரெண்டு மூணு போட்டு மிதப்பு பழகப் போறேன். ஸ்ட்ரோப்பை அதுக்கப்புறம் வாங்குறேன். பயணி சார், லோட்ஷெட்டிங் பாயிண்டைச் சொன்னேன், "வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கே"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாங்க.

ஆனா அந்தக் குட்டிக் கடல் குதிரை பத்தி யாரும் சொல்லலையே?

ஜோபர்க்_பயணி:

ஹா ஹா, இன்வெர்ட்டர் வாங்குனப்பவே கேஸ் தோத்துட்டீங்க.

கடல் குதிரை நான் சொல்றேன், அது எங்க ஏரியா. 2017ல சோட்வானால ஒரு டைவ் இன்ஸ்ட்ரக்டர் தான் முதல்ல அதைப் பாத்தாங்க, சவானா நாலு (Nalu) ஒலிவியர்னு பேரு. அப்புறம் லூ க்ளாசன்ஸ், ரிச்சர்ட் ஸ்மித், கிரஹாம் ஷார்ட் இவங்க எல்லாம் சேந்து ஆராய்ச்சி பண்ணி 2020ல புது இனம்னு எழுதுனாங்க, ஹிப்போகாம்பஸ் நாலுன்னு அவங்க பேரையே வச்சாங்க. ஆப்பிரிக்கா பக்கத்துல கிடைச்ச முதல் பிக்மி கடல் குதிரை அது தான், அதுக்கு முன்னாடி இந்தோனேஷியா, ஜப்பான், ஆஸ்திரேலியா அந்தப் பக்கம் தான் இருக்குன்னு நினைச்சுட்டு இருந்தாங்க. ஆளு சைஸ் மொத்தமே ரெண்டு சென்டிமீட்டர் தான், அதுவும் வாலைச் சேத்து.

அங்க இருக்குற பிக்மில சில வகை விசிறி மாதிரி பவளத்துல ஒட்டிக்கிட்டு அமைதியான தண்ணில இருக்கும், கைடு காட்டுனா நீங்களே எடுத்துரலாம். நம்ம ஊரு ஆளு அப்படி இல்ல. பாறை மேல குட்டைப் பாசி முளைச்ச இடத்துல, அலை போட்டு அடிக்குற இடத்துல, அந்தப் பாசிக் கலர்லயே இருக்கும். அலை வந்து மணலை அள்ளி மூஞ்சியில போடும், அது பாட்டுக்கு வாலைச் சுத்திப் பிடிச்சுட்டு உக்காந்துருக்கும். பதினாலு பதினேழு மீட்டர் ஆழத்துல தான் பாத்துருக்காங்க, அதனால உங்க டிஜி-6க்கு ஹவுசிங் கட்டாயம், வெறும் கேமராவோட 15 மீட்டர் கணக்குல இறங்காதீங்க.

உங்களால பாக்க முடியுமான்னா, நல்ல கண்ணு இருக்குற கைடு கூட போனா முடியலாம், தனியா தேடி கண்டுபிடிக்குறது கஷ்டம். பாத்தாலும் முதல் தடவை படம் எடுக்க ஆசைப்படாதீங்கன்னு சொல்வேன், அந்த இழுப்புல கெல்ப்காடு சொன்ன மாதிரி எங்கயாவது கை ஊணிருவீங்க, ஊணுன இடத்துலயே இன்னொண்ணு உக்காந்துருக்கும். முதல்ல அலை கம்மியா இருக்குற நாள்ல டூ மைல்ல நத்தை எடுங்க, சாட்டைப் பவளத்துல ஓடுற கோபி மீன் எடுங்க, இலை மாதிரி ஆடிட்டு இருக்குற பேப்பர் ஃபிஷ் எடுங்க. பேப்பர் ஃபிஷ் ஒரே இடத்துல நிக்கும், பொறுமையான ஆளு, பழகுறதுக்கு அதை விட நல்ல மாடல் கிடையாது.

தூத்துக்குடி_முக்குளி:

நல்ல முடிவு தம்பி. ஸ்ட்ரோப் வாங்கும்போது ஃபைபர் கேபிள் உங்க ஹவுசிங்ல மாட்ட எடம் இருக்கான்னு பாத்து வாங்குங்க, செகண்ட் ஹேண்ட் ஹவுசிங்னா கேபிளைப் பிடிச்சு வைக்குற டிஃப்யூசர் துண்டு தொலைஞ்சு போயிருக்கும் பல தடவை. அப்புறம் ஓ-ரிங், தண்ணி புகாம அடைக்குற ரப்பர் வளையம். செகண்ட் ஹேண்ட்னாலே புது ஓ-ரிங் ஒண்ணு வாங்கி மாத்திருங்க, கேமரா இல்லாம வெறும் ஹவுசிங்கை மட்டும் ஒரு தடவை ஆழத்துக்குக் கொண்டு போய் தண்ணி இறங்குதான்னு பாருங்க. உள்ள ஒரு டிஷ்யூ பேப்பர் வச்சு விட்டீங்கன்னா ஒரு சொட்டு இறங்குனாலும் தெரிஞ்சிரும். சோட்வானா மணல் ரொம்பப் பொடி, போட்லயோ கரையிலயோ ஹவுசிங்கைத் திறக்கவே திறக்காதீங்க, தங்குற எடத்துக்கு வந்து நல்ல தண்ணில ஊற வச்சு, கையைத் துடைச்சிட்டு அப்புறம் திறங்க.

சட்ஸ்வர்த்_பேரன்:

அண்ணா, வர்ற பௌர்ணமி சனிக்கிழமையை ஒட்டி வருது, நான் ட்ரெஷர் பீச் போறேன், வர்றீங்களா? ஒன்பது மணிக்கெல்லாம் வந்துருங்க, கடல் இறங்கும்போதே உள்ள போனா தான் நேரம் கிடைக்கும், ஏற ஆரம்பிச்சா கிளம்பிடணும். பழைய ஷூ போட்டுட்டு வாங்க, ஸ்லிப்பர் வேண்டாம், பாறை வழுக்கும். அலை பெருசா இருந்தா வெள்ளிக்கிழமை ராத்திரியே மெசேஜ் போடுறேன், அப்ப அடுத்த அமாவாசைக்குப் பாத்துக்கலாம்.

உம்ஹ்லாங்கா_வாசி:

வர்றேன் தம்பி, பையனையும் கூட்டிட்டு வரலாமா? எட்டு வயசு, நீல டிராகன்னு படிச்சதுல இருந்து தூங்க மாட்டேங்குறான்.

சட்ஸ்வர்த்_பேரன்:

கூட்டிட்டு வாங்க, ஒரு கிண்ணமும் ஸ்பூனும் அவன் கையிலயே குடுத்துருங்க. ஆனா தொடக்கூடாதுன்னு வீட்டுலயே சொல்லிக் கூட்டிட்டு வாங்க அண்ணா, அங்க வந்தப்புறம் சொன்னா கேக்க மாட்டாங்க. டிராகன் வரும்னு கேரண்டி குடுக்காதீங்க, காத்து கரைப் பக்கமா அடிச்சா தான் வரும். நண்டு கட்டாயம் இருக்கும்.